பத்தே நொடிகள்

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் திடலுக்கு ஓடுகிறார்கள். அவர்களில் ஒரு மாணவரின் சட்டையில் சின்ன மைக் குத்தியிருக்கிறது. அதற்கான கருவி இடுப்புப் பையில் இருக்கிறது. வகுப்பறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேமரா திடலைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கனடாவின் டொரண்டோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் 1990களில் நடந்த ஆய்வு இது. டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் என்ற இரண்டு உளவியலாளர்களும் அவர்கள் குழுவினரும் நடத்தியது.

எதற்கு இத்தனை ஏற்பாடு? பள்ளியில் பிள்ளைகள் சக பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க நினைத்தார்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் யாரும் வம்பு செய்ய மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டாலோ, "நானா? நான் அப்படியெல்லாம் செய்யவே மாட்டேன்" என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அதனால் கேமராவைத் தூரத்தில் வைத்துவிட்டு, குரலை மட்டும் பக்கத்திலிருந்து பிடித்தார்கள்.

அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, அடிப்பவரையும் அடி வாங்குபவரையும் தாண்டி மூன்றாவதாக ஒரு கூட்டம் கண்ணில் பட்டது. நூற்றுக்கு 88 சம்பவங்களில் மற்ற மாணவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கிட்டது நூற்றுக்கு 19 தடவைதான்.

சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அந்தக் குழு நொடிக் கணக்கில் அளந்தது. மொத்த நேரத்தில் 54 சதவீதம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். 21 சதவீத நேரம் தாங்களும் சேர்ந்துகொண்டு தள்ளினார்கள், கத்தினார்கள். மீதி 25 சதவீத நேரம்தான் பாதிக்கப்பட்டவருக்காக ஏதாவது செய்தார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் சேர்ந்துகொள்வது அதிகம். குறுக்கே போய்த் தடுப்பதில் அவர்களைவிடச் சிறுமிகளே முந்திக்கொண்டார்கள். (பையன்கள் யாரும் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேமரா சொன்னதைத்தான் சொல்கிறேன்.)

இனிமேல்தான் முக்கியமான எண் வருகிறது. யாராவது ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், அதாவது நூற்றுக்கு 57 தடவை, அந்தக் கொடுமை பத்து நொடிக்குள் நின்றுபோனது. தலைமையாசிரியர் வரவில்லை, அப்பா அம்மா வரவில்லை. கூட நின்ற ஒரு பிள்ளை வாயைத் திறந்தது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி? ஆளில்லாத திடலில் யாரும் வித்தை காட்டுவதில்லை. கொடுமை செய்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் எதிரில் நிற்பவரின் கண்ணீர்கூட இல்லை, சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான். 'இவன்தான் இங்கே பெரிய ஆள்' என்று நாலு பேர் நினைக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர் முகத்தைச் சுளித்தாலே கணக்கு தப்பிவிடுகிறது.

இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி. 1996இல் வெளியான ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்கள் வகுப்பில் இப்படி நடக்கும்போது யார் யார் என்னென்ன செய்வார்கள்?" என்று கேட்டு, அவர்களைப் பல பாத்திரங்களாகப் பிரித்தார். தொடங்கி வைப்பவர் ஒருவர். கூடவே போய்க் கையைப் பிடித்துக்கொள்ளும் கைத்தடி ஒருவர். கை வைக்காமல் சிரித்து உசுப்பேற்றும் ஜால்ரா ஒருவர். நமக்கேன் வம்பு என்று ஒதுங்குபவர் ஒருவர். பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பவர் ஒருவர். கைத்தடி, ஜால்ரா என்று நம்மூர்ப் பெயர் வைத்தது நான்தான். பின்லாந்துக்காரர்கள் கொஞ்சம் மரியாதையாகவே வைத்திருந்தார்கள். உங்கள் வகுப்பை மனதில் ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முகம் கிடைக்கும். நீங்கள் எந்தப் பாத்திரம் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள், என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்ப்பதெல்லாம் கொடுமையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்தத் துறையையே தொடங்கி வைத்தவர் என்று சொல்லத்தக்க டான் ஓல்வேயஸ், நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றியவர், இதற்கு மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. எதிர்க்க முடியாதவரிடம் செய்வது. மூன்றாவதுதான் உரைகல். சம பலமுள்ள இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. நீ என்னைக் கலாய்க்கிறாய், நான் உன்னைக் கலாய்க்கிறேன், இரண்டு பேரும் சிரிக்கிறோம் என்றால் அது விளையாட்டு. ஒருவர் மட்டும் தினமும் வாங்கிக்கொள்கிறார், திருப்பிச் சொல்ல முடியவில்லை, சிரிப்பதுபோல் நடிக்கிறார் என்றால் அது கொடுமை. "சும்மா தமாஷுக்குத்தான் சார்" என்பது செய்தவரின் வாக்குமூலம். தமாஷா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் வாங்கிக்கொண்டவர்.

ஓல்வேயஸ் 1970களிலேயே இன்னொன்றையும் சோதித்தார். குண்டாக இருப்பதால், கண்ணாடி போட்டிருப்பதால், பேச்சு வேறுமாதிரி இருப்பதால்தான் ஒருவரைச் சீண்டுகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அது உண்மையா என்று பார்த்தார். சீண்டலுக்கு ஆளான பையன்களையும் ஆளாகாதவர்களையும் ஒப்பிட்டபோது, இந்த வெளித்தோற்ற வித்தியாசங்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. உடல் பலம் குறைவாக இருப்பது மட்டுமே வேறுபாடாகத் தெரிந்தது. கண்ணாடி போட்ட எத்தனையோ பேரை யாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுவதில்லையே, கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி காரணமாக இருந்தால் எல்லோரையும் அல்லவா கூப்பிட வேண்டும்? முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு சாக்கைத் தேடுகிறார்கள். ஆகவே, பட்டப்பெயரால் நொந்துபோயிருக்கும் பிள்ளை யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உன் பல்லையோ நிறத்தையோ உயரத்தையோ மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. தப்பு உன்னிடம் இல்லை.

கொடுமை செய்பவர் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி, பாவம் என்றும் ஒரு கதை உண்டு. சினிமாவில் நன்றாக எடுபடும். ஓல்வேயஸ் பார்த்த பையன்களிடம் அப்படிப்பட்ட பயம் இல்லை. தன்னம்பிக்கையில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாகவும் இல்லை.

அடி, தள்ளு இல்லாத கொடுமையும் உண்டு. 'டூ' விடுவது உங்களுக்குத் தெரியும். ஒருவர் 'டூ' விட்டால் சாயங்காலம் பழம் விட்டுவிடலாம். வகுப்பு மொத்தமும் சேர்ந்து ஒருவருக்கு 'டூ' விட்டால்? "அவளோட பேசினா உனக்கும் டூ" என்று இன்னொருத்தி காதில் ஓதினால்? யாருமே தொடாததால் உடம்பில் ஒரு காயமும் இருக்காது. டீச்சரிடம் காட்டவும் ஒன்றும் இருக்காது.

இப்படி ஒதுக்கப்படும் வலியை ஆராய்ந்த கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத இருவர் வீசி விளையாடிக்கொண்டிருந்த பறக்கும் தட்டு அவர் அருகில் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்கள் திரும்ப இவருக்கே வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவரும் விளையாடினார்கள். பிறகு எந்தக் காரணமும் சொல்லாமல் அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். வில்லியம்ஸுக்கு முகம் வாடிவிட்டது. யாரென்றே தெரியாத இருவர் சேர்த்துக்கொள்ளாததற்கு நமக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று யோசித்தார். விஞ்ஞானி அல்லவா, அதையே ஒரு கணினி விளையாட்டாக்கிவிட்டார். திரையில் மூன்று பேர் பந்து வீசுவார்கள், அதில் ஒருவர் நீங்கள். சில வீச்சுக்குப் பிறகு உங்களுக்குப் பந்து வரவே வராது.

2003இல் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன் ஆகியோருடன் சேர்ந்து, இந்த விளையாட்டை ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். பந்து வராமல் போனபோது மூளையின் முன்பகுதியில் உள்புறமாக அமைந்த ஒரு பகுதி சுறுசுறுப்பானது. உடம்பில் அடிபட்டால் "ஐயோ, வேதனை!" என்று உணர்வதில் பங்கெடுக்கும் பகுதி அது. 13 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதால், மனக்காயமும் முழங்கால் காயமும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் "பேசாமல்தானே இருந்தேன், நான் என்ன செய்தேன்?" என்று இனி யாரும் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

பயம் தினசரி வேலையாகிவிட்டால் உடம்பும் மாறுகிறது. நாய் துரத்தினால் நம் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஓடத் தேவையான சக்தியைத் திரட்டிக் கொடுக்கிறது. நாய் போய்விட்டால் அளவு இறங்கிவிடும். காலையில் பள்ளி வாசலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'நாய்' நிற்கிறது என்றால்? தூக்கம் கெடும், வயிறு வலிக்கும், பாடம் மண்டையில் ஏறாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளையை உடனே 'டிமிக்கி' என்று திட்டிவிடாதீர்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இந்த ஹார்மோனைத் தேடி ஆப்பிரிக்கா போன ஒருவரின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ராபர்ட் சபோல்ஸ்கி, அமெரிக்க விஞ்ஞானி. கென்யாவின் மசாய் மாரா காட்டில் பபூன் குரங்குக் கூட்டம் ஒன்றைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பபூன்களிடம் வரிசை முறை உண்டு. பலசாலி ஆண் அடுத்தவனை அடிக்கும். அவன் தனக்குக் கீழுள்ளவனை அடிப்பான். கடைசியில் இருப்பவனுக்கு அடிக்க ஆள் கிடைக்காவிட்டால் பெண் குரங்கைக் கடித்துத் துரத்துவான். கீழ்வரிசைக் குரங்குகளின் ரத்தத்தில் இந்தக் கவலை ஹார்மோன் கூடுதலாகவே இருந்தது.

1980களின் தொடக்கத்தில், பக்கத்திலிருந்த சுற்றுலா விடுதியின் குப்பைக் குழிக்குத் தீனி தேடிப் போக ஆரம்பித்தன சில குரங்குகள். அந்தக் குழி வேறொரு கூட்டத்தின் வசம் இருந்தது. சண்டை போட்டுத் தின்னும் துணிச்சல் உள்ள முரட்டு ஆண்கள்தான் அங்கே போயின. அங்கே கிடந்த இறைச்சியில் காசநோய்க் கிருமி இருந்தது. போன ஆண்கள் எல்லாம் செத்துப்போயின. கூட்டத்தில் மிஞ்சியவை பெண்களும் சாதுவான ஆண்களும்.

கூட்டம் அமைதியானது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. முரடர்கள் இல்லை, அதனால் சண்டையும் குறைந்தது. அதிசயம் பிறகு நடந்தது. பபூன் ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். ஆக, பத்தாண்டு கழித்து, 1993 வாக்கில், பழைய சாதுக்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. இருந்த ஆண்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. வழக்கமான முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்தவை. ஆனாலும் கூட்டம் அமைதியாகவே இருந்தது! கீழ்வரிசைக் குரங்குகளை வீணாகத் துரத்துவது குறைவு, ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொள்வது அதிகம், கவலை ஹார்மோனும் குறைவு. 2004இல் லிசா ஷேருடன் சேர்ந்து சபோல்ஸ்கி இதை வெளியிட்டார். புதிதாக வந்த ஆண்களைப் பெண் குரங்குகள் மற்ற கூட்டங்களைவிடச் சீக்கிரமாகவே ஏற்றுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்தன. நல்லபடியாக நடத்தப்பட்ட புதியவர்கள் அந்த ஊர் வழக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். குரங்கு இனத்திலேயே சண்டைக்குப் பேர்போனது பபூன். அதுவே பழக்கத்தை மாற்றிக்கொள்கிறது என்றால், "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்று பெரியவர்கள் சொல்வது வெறும் சோம்பேறித்தனம். என் தீர்ப்பு இதுதான்.

குரங்கால் முடிந்ததைப் பள்ளிகள் செய்திருக்கின்றனவா? செய்திருக்கின்றன. பின்லாந்தில் சால்மிவல்லியின் குழு 'கிவா' என்ற திட்டத்தை உருவாக்கியது. நாட்டின் 234 பள்ளிகளைச் சேர்த்து, சரிபாதியில் நடத்தியும் மறுபாதியில் நடத்தாமலும் ஒப்பிட்டார்கள். நடத்திய பள்ளிகளில் கொடுமை குறைந்தது. 2009இல் நாடு முழுவதற்கும் கொண்டு போனார்கள். இடைவேளையில் கண்காணிக்கும் ஆசிரியர்கள், தூரத்திலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற மேலங்கி போட்டிருப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பிரச்சினை வந்த பிறகு அவர்கள் செய்வது. பாதிக்கப்பட்டவரிடம் தனியாகப் பேசுகிறார்கள். செய்தவரிடம் தனியாகப் பேசுகிறார்கள். அதோடு விடாமல், அந்த வகுப்பில் எல்லோரும் மதிக்கிற நல்ல மாணவர்கள் இரண்டு முதல் நான்கு பேரைக் கூப்பிட்டு, "இவனுக்குத் துணையாக என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். சில நாள் கழித்து, நின்றுவிட்டதா என்று மறுபடியும் விசாரிக்கிறார்கள்.

நம் பக்கம் என்ன செய்வோம்? இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "ரெண்டு பேரும் கைகொடுத்துக்குங்க, முடிஞ்சுது" என்போம். சண்டைக்கு அது சரி. கொடுமைக்கு அது ஆகாது. தினம் அடி வாங்குபவர் எதற்குக் கை கொடுக்க வேண்டும்? அறைக்கு வெளியே வந்ததும் "போட்டுக் கொடுக்கிறியா?" என்று மறுபடி ஆரம்பமாகும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2012-13 கல்வியாண்டில் 56 நடுநிலைப் பள்ளிகளில், 24,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே எலிசபெத் பாலக் என்பவரின் குழு ஒரு சோதனை செய்தது. பள்ளியில் நீங்கள் அதிகம் பழகும் பத்துப் பேர் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அதை வைத்து, யாரிடம் நிறையப் பேர் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு சில பள்ளிகளில் ஒரு சிறு மாணவர் குழுவைத் தேர்ந்தெடுத்து, தங்கள் பள்ளியின் சண்டை சச்சரவுகளுக்கு எதிராக அவர்களே வழி கண்டுபிடிக்கும்படி விட்டார்கள். எந்த மாணவராவது ஒரு சண்டையை விலக்கிவிட்டாலோ, தனியாக இருப்பவரிடம் போய்ப் பேசினாலோ, அந்தக் குழு அவருக்கு ஒரு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கொடுத்தது. அந்தப் பள்ளிகளில் சச்சரவு தொடர்பாகப் பதிவான ஒழுங்கு நடவடிக்கைகள் 25 முதல் 30 சதவீதம் வரை குறைந்தன. நிறையப் பேர் விரும்பிப் பழகும் மாணவர்கள் அந்தக் குழுவில் அதிகமாக இருந்த பள்ளிகளில் பலனும் கூடுதல்.

கையில் கட்டும் நிறம் என்றதும் நம்மூரில் வேறொன்று நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். யாரோடு சேர வேண்டும், யாரை ஒதுக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில் இந்த வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பதும் ஒன்று. உலகத்தில் பள்ளிக் கொடுமை பல மாதிரி நடக்கிறது. பெற்றோரிடமிருந்தே கற்றுக்கொண்டு வந்து வகுப்பில் செய்யும் இந்த மாதிரி மிகவும் கேவலமானது.

சரி, நாளைக்கு உங்கள் கண்ணெதிரே நடந்தால் என்ன செய்வது? "குறுக்கே போனா எனக்கும் விழுமே!" என்ற பயம் நியாயமானது. யாரும் உங்களை மல்யுத்தம் செய்யச் சொல்லவில்லை. அடிதடியாக இருந்தால் ஓடிப்போய்ப் பெரியவரைக் கூட்டி வாருங்கள். அதுவே பெரிய உதவி. கேலி, கிண்டலாக இருந்தால் சிரிக்காமல் இருங்கள். "போதும் விடுடா" என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், செய்பவரைப் பார்க்கவே பார்க்காமல், மாட்டிக்கொண்டவரைக் கூப்பிடுங்கள்: "டேய், நீ இங்கயா இருக்க? உன்னை அங்க தேடுறாங்க, வா." கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். தனியாகப் பயமென்றால் இரண்டு நண்பர்களாகப் போங்கள். எதுவுமே முடியாமல் போனாலும், பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறங்கள்.

பெரியவர்களிடம் சொல்வது கோள் சொல்வதாகாதா? ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள். ஒருவரை மீட்பதற்காகச் சொன்னால் அது உதவி. சொல்லும்போது "அவன் ரொம்ப மோசம் மிஸ்" என்று பொதுவாகச் சொன்னால் வேலைக்காகாது. எந்த நாள், எந்த இடம், யார் என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நடந்ததென்றால் பதிலுக்குத் திட்டாமல், அழித்துவிடாமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். முதலில் சொன்ன பெரியவர் "அதெல்லாம் கண்டுக்காதே" என்று அனுப்பிவிட்டால், அடுத்த பெரியவரிடம் போங்கள். கேட்கும் ஒருவர் கிடைக்கும்வரை சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், எழுதிப் போடலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. 1098இல் இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும், இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல் பேசலாம். பேசுபவர் பாதிக்கப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவரும் கூப்பிடலாம்.